சோத்துக்கைப் பக்கம்

என் மாப்பிள்ளை ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறார். 'பார்க்கிறார்' என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் செய்வார்கள், இவர் பார்ப்பார்.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். உண்டான் என்றால் தன்வினை, உண்பித்தான் என்றால் பிறவினை. என் மாப்பிள்ளையைப் படைத்தவன் அவருக்குப் பிறவினையை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டான். மின்விசிறியைப் போட மாட்டார், போடச் சொல்வார். செருப்பைத் தேட மாட்டார், தேட வைப்பார். தும்மல் ஒன்றைத்தான் தானாகத் தும்முகிறார். அதற்கும் கைக்குட்டையை வேறொருவர் கொண்டுவர வேண்டும்.

கிடங்கில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'திட்டம்'. எதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்றுதான் பேச்சைத் தொடங்குவார். "திட்டம் வருது, எந்திரிங்கடா" என்று பெட்டி தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் எழுப்புவது அவர் காதிலும் விழும். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வார். ஒருமுறை இவர் திட்டப்படி பெட்டிகளை அடுக்கியதில் காவலாளி ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டார் என்றும், பெட்டிகளை இறக்கி அவரை வெளியே எடுத்தபோது மார்பு வரை தாடி வளர்ந்திருந்தது என்றும் கிடங்கில் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. தாடி கழுத்து வரைதான் இருந்திருக்கும்.

இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்ட என் மகள் பல் செய்கிறவள். பல் கட்டுகிற மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில், குழைத்து ஊற்றினால் கல்லாக இறுகுகிற மாவுக்கல் பொடியை ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, வாயில் பொருந்துகிற செட்டாக ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. அதைச் செய்ய அவளுக்குக் கிடைத்த இடம் அடுப்படி மூலை. ஒரு பக்கம் பால் பொங்கும், மறுபக்கம் மெழுகு உருகும். பாத்திரம் கழுவும் தொட்டி மாவுக்கல் அடைத்துக்கொண்டு அடிக்கடி நிரம்பும். சாப்பாட்டு நேரம் வந்தால் மேல்தாடை கீழ்த்தாடை எல்லாவற்றையும் முறத்தில் அள்ளி அலமாரி மேல் ஏற்றிவிட வேண்டும். மாப்பிள்ளை அதைப் பொழுதுபோக்கு என்பார். வந்தவர்களிடம், இவளுக்குப் பல்லைக் கட்டிக்கொண்டு அழுவதில் ஓர் ஆசை என்று சிரித்தபடி சொல்வார். அப்படிச் சிரிக்கும் பற்களில் இரண்டு அவள் செய்து கொடுத்தவை.

இப்படியிருக்கும்போது, தூரத்து நகரத்தில் பல் செய்து கொடுக்கிற பெரிய பல்கூடம் ஒன்றிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ஓர் ஆள் எடுக்கப்போகிறார்கள். குறிப்பிட்ட நாளில் மாலை கூடம் மூடுவதற்குள் நேரில் வந்து, அவர்கள் கண்முன்னால் மெழுகில் ஒரு கடைவாய்ப் பல் செதுக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. அன்றைக்கு வராதவர்களுக்கு இன்னொரு நாள் கிடையாது. சொந்த மேசை, சொந்த விளக்கு, மாவுக்கல்லுக்கென்றே ஒரு தொட்டி. என் மகள் அந்தத் தொட்டியைப் பற்றிப் பேசியபோது அவள் முகம் இருந்த இருப்பை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்ட அன்றுகூட இல்லை.

அவள் ரயிலில் போய்வருவதாகச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. கார் எதற்கு இருக்கிறது, தான் எதற்கு இருக்கிறோம் என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு அந்த வீட்டில் யாருக்கும் விடை தெரியாது. கடைசியில், குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு குடும்பமாக ஓர் உல்லாசப் பயணம் போவோம், போகிற வழியில் அந்தப் பல் விஷயத்தையும் முடித்துவிடுவோம் என்று திட்டம் போட்டார். அவள் வாழ்க்கையின் ஒரே தேர்வு இவருடைய சுற்றுலாவில் ஒரு துணுக்காகிவிட்டது. குழந்தைகளைப் பின்னால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதால் எனக்கும் இடம் கிடைத்தது.

குழந்தைகள் இரண்டு. பெரியவள் மூன்றாம் வகுப்பு. சின்னவன் இன்னும் எந்த வகுப்புக்கும் அகப்படவில்லை.

பெரியவளுக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, வரைவது, பந்து எறிவது, சாப்பிடுவது எல்லாம் இடது கை. எழுதுவதை மாப்பிள்ளை விட்டுவிட்டார், பள்ளிக்கூடத்து டீச்சர் அவரையே நாலு வார்த்தை கேட்டதால். சாப்பிடுவதை விடவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவளுடைய இடது கையைக் கைக்குட்டையால் நாற்காலியோடு கட்டுவார். கட்டுவார் என்றா எழுதினேன், கட்டச் சொல்வார். இப்படிச் சில மாதங்கள் போனதும் அவர் கண்ணெதிரில் குழந்தை வலது கையால் சமர்த்தாகச் சாப்பிட்டது. திட்டம் போட்டால் பிறவிக் குணத்தையே மாற்றலாம் என்று கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் கண் மறைவில் என்ன நடக்கும் என்பதற்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை.

புறப்படுகிற அன்று விடியலில் காரில் சாமான் ஏற்றினோம். கிடங்கில் ஒரு விதி உண்டாம்: முதலில் இறங்கவேண்டியது கடைசியில் ஏற வேண்டும். கடைசியில் இறங்கவேண்டியது முதலில் ஏற வேண்டும். குழந்தைகளின் மாற்றுத் துணி எங்கே இறங்கும்? போய்ச் சேரும் இடத்தில். ஆகவே அது எல்லாவற்றுக்கும் அடியில் போயிற்று. அதன்மேல் படுக்கை, அதன்மேல் தண்ணீர்க் கேன், அதன்மேல் மடக்கு நாற்காலிகள், அதன்மேல் மாப்பிள்ளையின் தலையணை. அந்தத் தலையணை இல்லாமல் அவருக்கு மதியத் தூக்கம் வராது. என் மகள் செதுக்கு கத்திகள் இருந்த துணிப்பையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அதையும் அடுக்கில் சேர்க்கச் சொன்னார். அவளுக்குக் காது கேட்கவில்லை. அப்படிச் சில நேரங்களில் அவளுக்குக் கேட்காமல் போகும். என் வளர்ப்பு.

பேட்டரி தீர்ந்துவிடும் என்று அவள் செல்போனை வாங்கி அணைத்து டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டினார். வழி காட்டுகிற மேப்பும் அதற்குள் போயிற்று. அதில் பேசுவது ஒரு பெண் குரல். திரும்பு என்று ஒரு பொம்பளை சொல்லித் திரும்புகிற வம்சம் இல்லையாம் அவருடையது. தன் போனிலோ அந்தச் சங்கதியே கிடையாது என்பதைப் பெருமையாகவே சொன்னார்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சின்னவன் எப்போது போய்ச் சேருவோம் என்று கேட்கத் தொடங்கினான். இதோ வந்துவிட்டோம் என்றார் மாப்பிள்ளை. பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஒரு சிமெண்ட் ஆலைதான் இருந்தது. சற்று நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டான், திரும்பவும் இதோ வந்துவிட்டோம். இந்த 'இதோ' என்ற சொல் பக்கத்தில் இருப்பதைக் காட்டுவது. மாப்பிள்ளையின் இதோவுக்குள் மூன்று மாவட்டங்கள் அடங்கும். நாலைந்து இதோ ஆனதும் சின்னவன் கேட்பதை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே கொட்டிவிட்டான். வாழைப்பழம், பிஸ்கட், பால், நேற்றைய இரவுச் சாப்பாடு, போன பிறந்தநாள் கேக் என்று எல்லாம் வந்தது. சீட்டிலும், என் மகளின் தோளிலும், என் கைப்பையிலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது.

மாற்றுத் துணி அடியில் அல்லவா இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி, தலையணையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கிப் பரப்பினோம். போகிற லாரிக்காரர்கள் சந்தை என்று நினைத்து வேகம் குறைத்துப் பார்த்தார்கள். ஒருவர் மடக்கு நாற்காலி என்ன விலை என்றுகூடக் கேட்டார். மாப்பிள்ளை உதவி செய்யவில்லை. தப்பு விதியில் இல்லை, வாந்தி எடுத்தவனிடம் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டு நின்றார். பையன் அரை நிர்வாணமாக நின்று அதைக் கவனமாகக் கேட்டான். துடைத்து, மாற்றி, திரும்பவும் கிடங்கு முறைப்படியே அடுக்கி முடிப்பதற்குள் வெயில் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

என் மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் ஆகிறதே என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள். நேரத்தைப் பற்றித் தனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்றார். பிறகு ஒரு மர நிழலைப் பார்த்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மதியத் தூக்கமும் திட்டத்தில் இருந்தது. அவர் குறட்டைக்கு அந்த மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் குடும்பத்தோடு இடம் மாறிப் போயின. என் மகள் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கார் ஓட்ட அவளுக்குத் தெரியும், உரிமமும் இருக்கிறது. கிளச் தேய்ந்துவிடும் என்று சாவியை அவர் கொடுத்ததே இல்லை. தூங்கும்போதும் அது அவர் சட்டைப் பையில்தான்.

எழுந்து, முகம் கழுவ வைக்கப்பட்டு, மறுபடி புறப்பட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நகரத்துக்குப் பக்கத்தில் வந்தோம். எதிரே ஒரு பாலம், அதற்கு அப்பால் சாலை பல கிளையாகப் பிரிந்தது. பெயர்ப்பலகை எதுவும் கண்ணில் படவில்லை. கீழே இறங்கி வழி கேட்டால், வழி தெரியாதவன் என்று எதிராளி நினைத்துவிடுவான். அது அவர் பதவிக்கு இழுக்கு. ஓரமாக நிறுத்தி, பஞ்சர் ஒட்டும் கடையில் போய்க் கேட்டுவரும்படி பெரியவளை அனுப்பினார். குழந்தைகளுக்குப் பொறுப்புப் பழக வேண்டுமாம்.

அவள் டயர்களைத் தாண்டிப் போய், கடைக்காரரிடம் பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கை வைத்துப் பேசுவதைக் காரிலிருந்தே பார்த்தோம். இரண்டு கையிலும் டயரைப் பிடித்திருந்த கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே ஏதோ சொன்னார். ஓடிவந்தாள்.

"பாலம் இறங்கினதும் லெஃப்ட்ல திரும்பணும்பா. அப்புறம் நேரா போய்க்கிட்டே இருக்கணுமாம்."

பயிற்சி கொடுத்தால் எட்டு வயதுக் குழந்தைகூட எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்று மாப்பிள்ளை எங்களுக்கு எடுத்துச் சொன்னார். பாலம் இறங்கியதும் இடப்பக்கம் திரும்பினார்.

நேராகப் போய்க்கொண்டே இருந்தோம். முதலில் கடைகள் குறைந்தன, பிறகு வீடுகள் குறைந்தன, பிறகு சாலையே குறைந்தது. நகரம் இப்படியா இருக்கும் என்று என் மகள் கேட்டாள். இது புறவழி, நெரிசல் இருக்காது என்றார். கார் கண்ணாடியில் வெள்ளைப் புழுதி படிந்தது. ஒரு வளைவு திரும்பியதும் சாலை தீர்ந்துவிட்டது. எதிரே ஒரு கல்குவாரிப் பள்ளம், நிறையப் பச்சைத் தண்ணீர். கரையில் ஒரு எருமை நின்றது. மாப்பிள்ளையைப் பார்த்து அது தலையைத் திருப்பிக்கொண்டதாக நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். லோடு எடுக்க வந்தீர்களா, இந்த வண்டியில் எவ்வளவு பிடிக்கும் என்று விசாரித்தார். நகரம் எந்தப் பக்கம் என்று என் மகள் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வந்த வழியே பாலம் வரைக்கும் போய் மறுபக்கம் போக வேண்டும் என்றார்.

மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கிப் பின் கதவைத் திறந்தார். பெரியவளை இறக்கி நிறுத்தினார். விசாரணை தொடங்கியது.

"அந்த ஆளு என்ன சொன்னான்? ஒரு எழுத்து மாறாம அப்படியே சொல்லு."

"பாலம் இறங்கினதும் சோத்துக்கைப் பக்கம் திரும்புன்னு சொன்னாரு."

"சோத்துக்கைப் பக்கம்னா ரைட்டு. நீ ஏன் லெஃப்ட்டுன்னே?"

குழந்தை தன் இரண்டு கைகளையும் பார்த்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இடது கையைத் தூக்கிக் காட்டியது.

"இதானேப்பா என் சோத்துக்கை."

மாப்பிள்ளை அந்தக் கையை உற்றுப் பார்த்தார்.

"நீதான் இப்ப ரைட் கையால சாப்பிடுறியே?"

"அது நீங்க இருக்கும்போது."

இதில் குழந்தையின் கணக்கு எங்கே தப்பு? சோறு தின்னும் கை எதுவோ அது சோத்துக்கை. பள்ளிக்கூடத்தில் கற்றபடி அதன் பெயர் லெஃப்ட். அப்பாவுக்குப் புரியும் பாஷையில் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை போய்க் கேட்டிருந்தாலும் நாங்கள் நேரே பல்கூடத்தின் வாசலில் இறங்கியிருப்போம். இந்தத் தகப்பன், இந்தப் பிள்ளையை அனுப்பினதால்தான் எருமைக்கு முன்னால் நின்றோம். எல்லாம் போதாதென்று சின்னவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அப்பா ஆபீஸுக்குப் போனதும் அக்கா தினமும் அந்தக் கையால்தான் சாப்பிடும், நானும் ஒருநாள் அப்படிச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று சாட்சி சொன்னான்.

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. வழி தவறியதற்காக அல்ல. திட்டம் பொய்த்ததற்காக. அவர் பெரியவளின் இடது மணிக்கட்டைப் பிடித்து, இன்னொரு கையை ஓங்கினார். அவர் தானாகச் செய்ய முன்வந்த இரண்டாவது காரியம் அது. தும்மலையும் சேர்த்து, கார் ஓட்டுவதைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

"அவ மேல கை வைக்காதீங்க."

என் மகள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. பல் செதுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுவாளே, அந்தக் குரல். காரைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள். தோளில் வாந்திக் கறை, தலையில் கல் தூசி.

"சாவியக் குடுங்க."

"என்ன விளையாடுறியா? இந்த ரோட்டுல நீ ஓட்டுவியா?"

"கூடம் மூடப்போறாங்க. சாவி."

அவர் என்னைப் பார்த்தார். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

"குடுத்துடுங்க மாப்பிள்ளை. கிளச் தேஞ்சா நான் வாங்கித் தரேன்" என்றேன்.

கொடுத்தார். முன் சீட்டில் பெரியவளை உட்காரச் சொன்னாள் அவள் அம்மா. மாப்பிள்ளைக்கோ பின் சீட்டில், எனக்கும் சின்னவனுக்கும் நடுவில், காலையில் துடைத்தும் போகாத அந்த ஈரத்தின் மேல் இடம் கிடைத்தது. டேஷ்போர்டிலிருந்து செல்போன் வெளியே வந்தது. பெண் ஓட்ட, பெண் குரல் வழி சொல்ல, பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அதைத் திருப்பிச் சொல்ல, கார் காற்றாகப் பறந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பஸ்களும் ஒரு ரயிலும் பின்தங்கின. பிரேக்கைப் பிடி, கியரை மாற்று, ஹாரன் அடி என்று பின்னாலிருந்து ஏவல் வினைகள் வந்தவண்ணம் இருந்தன. அவளுக்குத்தான் அப்போதும் காது கேட்கவில்லையே. கடைசியில் சின்னவன் அவரைப் பார்த்து, இதோ வந்துட்டோம்பா, கொஞ்சம் சும்மா இருங்க என்றான்.

பல்கூடம் ஒரு நீளமான கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. என் மகள் படியேறி ஓடினாள். பெரியவளுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்ததால் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். உள்ளே விளக்குகள் பாதி அணைந்திருந்தன. ஆட்கள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். வந்தவர்களெல்லாம் செதுக்கிக் கொடுத்துவிட்டுப் போயாயிற்று, மெழுகைக்கூட உள்ளே வைத்துவிட்டோம் என்று வருத்தமாகத்தான் சொன்னாள்.

"ஒரு பல்லுதாங்க. உங்க ஆளுங்க கிளம்பி முடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவேன்" என்றாள் என் மகள்.

அந்த அம்மாள் இவள் தோளை முகர்ந்தாளோ என்னவோ, சின்னக் குழந்தையா என்று கேட்டாள். இரண்டு குழந்தை என்றாள் இவள். பின்னால் இன்னொன்றும் உட்கார்ந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, அணைத்த விளக்கைத் திரும்பவும் போட்டார்கள்.

அவள் மெழுகுக் கட்டியைக் கையில் எடுத்தாள். கத்தியைச் சுடரில் காட்டினாள். முதலில் நாலு பக்கமும் சரித்து, பிறகு மேலே குழி இறக்கி, குழியைச் சுற்றி மேடுகளை எழுப்பி, ஒவ்வொரு மேட்டுக்கும் அதன் சரிவைக் கொடுத்தாள். மெழுகுச் சுருள்கள் மேசையில் விழுந்தன. வீட்டுக்குப் போகப் பையை மாட்டிய இரண்டு பேர் போகாமல் நின்றார்கள். செதுக்கி முடித்த பல்லைப் பொறுப்பாளர் மாவுக்கல் தாடையில் பொருத்தி, மேல்தாடையை இறக்கிக் கடிக்க வைத்தாள். டக் என்று சின்னதாக ஒரு சத்தம். இன்னொரு தரம் கடிக்க வைத்தாள். அந்தப் பல்லுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்திருந்தால் தானாகவே மென்றிருக்கும்.

"எப்ப வேலைக்கு வரீங்க?" என்று கேட்டாள் பொறுப்பாளர்.

"மாசப் பிறப்புல" என்றாள் என் மகள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே மாப்பிள்ளை வாசல் காவலாளிக்கு வண்டிகளை எப்படி வரிசைப்படுத்தி நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவசரம் வேண்டாம் என்றார். ஊர் மாறுவது என்றால் சும்மாவா, வீட்டுக்குப் போய் நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்து, பிறகு முடிவு சொல்லலாம் என்றார்.

"யோசிக்கலாங்க. நான் வரேன்னு சொல்லிட்டேன்" என்றாள் என் மகள்.

அவர் நின்றார். ஒரு மனிதன் இந்த இடத்தில் என்னவெல்லாமோ கேட்கலாம். குழந்தைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று கேட்கலாம். என்னைக் கேட்காமல் ஏன் சொன்னாய் என்று கோபப்படலாம். பல் நன்றாக வந்ததா என்று மறந்துபோயாவது ஒரு வார்த்தை கேட்கலாம்.

"அப்ப என் சாப்பாடு?" என்றார்.

பெரியவள் அம்மாவின் கையில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாசப் பிறப்பில் என் மகள் குழந்தைகளோடு அந்த நகரத்துக்குப் போனாள். கொஞ்ச நாள் ரொட்டியைத் தின்றுவிட்டு, அங்கிருந்த ஒரு கிளைக் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையும் போய்ச் சேர்ந்தார். போன வாரம் நான் அங்கே இருந்தேன். பெண்டாட்டி முன்னுக்கு வர வேண்டும் என்பதற்காகத் தன் பதவியையே விட்டுக்கொடுத்து ஊர் மாறி வந்தவர் என்று அந்தத் தெருவில் அவரைப் பற்றிப் பேச்சு. எதிர்வீட்டு அம்மாள் என்னைத் தனியாக அழைத்து, இப்படி ஒரு மருமகன் கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே அவர், தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மகளும் குழந்தைகளும் வெளியே போயிருந்த காலி வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.